துனிசியா: அரசியலமைப்பைப் படிக்கும் முன் மழைக் கணக்கைப் பாருங்கள்

துனிசியாவைப் பற்றித் தமிழில் வரும் பதிவுகள் பெரும்பாலும் இரண்டே ஆட்களைச் சுற்றித்தான் வரும். ஒருவர் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹன்னிபால். இன்னொருவர் 2010 டிசம்பர் 17 அன்று சிடி பூஸித் ஊரில் தீக்குளித்த தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅஸீஸி. நடுவில் கிடக்கும் இரண்டாயிரத்து இருநூறு வருடம் அப்படியே காணாமல் போய்விடும். அப்புறம் "அரபு வசந்தம் ஏன் தோற்றது?" என்று கேட்டு, மதம், பண்பாடு, அவர்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி முடித்துவிடுவார்கள்.

என் கணக்கு வேறு. அங்கே உஸ்மானியர் காலத்தில் வந்த பே என்ற பட்டத்து அரசர் ஆண்டார், பிரெஞ்சுக்காரன் ஆண்டான், முதல் அதிபர் பூர்கிபா ஆண்டார், தேர்தலில் வென்ற நாடாளுமன்றமும் ஆண்டது. உள்நாட்டில் விளைவதையும் தோண்டுவதையும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போகும் ஏற்பாட்டில் மட்டும் எவரும் கை வைக்கவில்லை.

முதலில் தரை. பரப்பு சுமார் 1,63,600 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 1.2 கோடி. மேற்கே அல்ஜீரியா, தென்கிழக்கே லிபியா, வடக்கும் கிழக்கும் மத்தியதரைக் கடல். வடகிழக்கில் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் கேப் போனிலிருந்து சிசிலித் தீவு 150 கிலோமீட்டருக்குள். அல்ஜீரிய எல்லையில் கிளம்பி அந்த மூக்கு வரை ஒரு மலைத்தொடர் சாய்வாக ஓடுகிறது. தோர்சால் என்பார்கள், முதுகெலும்பு. நாட்டின் உயரமான சிகரம் ஷாம்பி (1,544 மீட்டர்) இதில்தான். மழையை மறிப்பதும் இதுதான். வடமேற்கு மூலையில் ஐன் த்ராஹமில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் பெய்யும், குளிர்காலத்தில் பனியும் விழும். தலைநகர் துனிஸில் 450. மலைக்குத் தெற்கே கைரவானில் 300, ஸ்ஃபாக்ஸில் 200 சொச்சம், தோஸரில் 100 தொட்டாலே பெரிது. அதற்கப்பால் ஷோத் எல் ஜெரித் உப்புப் படுகை, பிறகு சஹாரா மணல். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் பெரிய ஆறு மெஜெர்தா ஒன்றுதான். அதுவும் அல்ஜீரியாவில் பிறந்து வருவது.

இந்த மழைக் கணக்கைக் கண்ணால் பார்க்க ஆலிவ் தோப்பு போதும். வடக்கே ஹெக்டேருக்கு 100 மரம் வைக்கிறார்கள். ஸ்ஃபாக்ஸில் மரத்துக்கு மரம் 24 மீட்டர் விட்டு, ஹெக்டேருக்கு 17 மரம். வேர் பக்கவாட்டில் அவ்வளவு தூரம் போய்த் தண்ணீர் தேட வேண்டியிருக்கிறது. நடுவில் களை முளைத்தால் இருக்கிற ஈரத்தையும் அது குடித்துவிடும் என்பதால் நிலத்தை உழுது துடைத்தாற்போல வைத்திருப்பார்கள். இடம் வீணாகிறதே என்று இடையில் இன்னொரு வரிசை வைத்தால், வறண்ட வருடத்தில் இரண்டு வரிசையும் காய்க்காது.

இன்னும் தெற்கே மத்மாதா மலையில் செய்வது இதைவிட நுட்பம். மழை ஓடைக்குக் குறுக்கே மண்ணும் கல்லும் போட்டு 2 முதல் 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கரை எழுப்புவார்கள். கரைக்குத் தபியா என்று பெயர், மொத்த அமைப்புக்கு ஜெஸூர். மேலே மொட்டைப் பாறைச் சரிவில் விழும் மழை, வண்டலை அடித்துக்கொண்டு இறங்கிக் கரைக்குப் பின்னால் தேங்கும். வண்டல் சேரச் சேர அங்கே ஒரு துண்டு வயல் உருவாகும். மிஞ்சிய தண்ணீர் கரையின் ஓரத்திலோ நடுவிலோ கல் கட்டிய கலிங்கு வழியாக அடுத்த கரைக்கு இறங்கும். 200 மில்லிமீட்டர் மழையில் ஆலிவ், அத்தி, பேரீச்சை எல்லாம் நிற்பது இப்படித்தான். கெடுவதும் ஒரே வழியில்தான். வண்டல் உயர உயர, கரையையும் கலிங்கையும் கூடவே உயர்த்த வேண்டும். ஆண்கள் துனிஸுக்கும் பிரான்ஸுக்கும் பிழைக்கப் போய்விட்டால் உயர்த்த ஆளில்லை. தண்ணீர் தலைக்கு மேல் வழிந்து மேல்கரை உடைந்தால், அந்த வெள்ளம் கீழே உள்ள கரைகளை வரிசையாக வாரிக்கொண்டு போய்விடும்.

கார்த்தேஜ் கதை எல்லோருக்கும் தெரியும், நீட்ட வேண்டாம். கி.மு. 814-இல் டயர் நகரத்து ஃபினீசியர்கள் அமைத்ததாக மரபு, கி.மு. 146-இல் ரோம் அழித்தது. அழித்த கையோடு ரோம செனட் ஒரு காரியம் செய்தது. மாகோ என்ற கார்த்தேஜ்காரர் எழுதிய வேளாண்மை நூலை லத்தீனில் பெயர்க்க உத்தரவிட்டது. அந்த மண்ணிலிருந்து என்ன வேண்டும் என்பதில் ரோமுக்குக் குழப்பமே இருந்ததில்லை: தானியம், எண்ணெய். பிறகு ஸகுவான் மலையின் ஊற்றுநீரை 130 கிலோமீட்டர் வாய்க்கால் கட்டிக் கடலோர கார்த்தேஜுக்குக் கொண்டுபோனார்கள். அதன் வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

இந்தப் போக்குக்கு விதிவிலக்கு கைரவான். 670-இல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி பைசாந்தியக் கப்பல்களுக்கு எட்டாமல் உள்நாட்டில் தலைநகர் அமைத்தார். 921-இல் ஃபாத்திமியர்கள் கடலோர மஹ்தியாவுக்குப் போனதோடு அதிகாரம் திரும்பக் கரைக்கே வந்துவிட்டது. நடுவில் சிலகாலம் நகர்ந்தாலும், ஹஃப்ஸித் அரச மரபின் காலத்திலிருந்து தலைநகர் துனிஸ்தான். (1332-இல் அதே துனிஸில் பிறந்த இப்னு கல்தூன், விளிம்பில் இருப்பவர்கள் கூட்டுறுதியோடு வந்து நகரத்தைப் பிடிப்பதும், நகரம் அவர்களை மென்மையாக்கிவிடுவதும் பற்றிக் கோட்பாடே எழுதினார். ஊர் அப்படி.)

1574-இல் உஸ்மானியர் வந்தார்கள். 1705 முதல் ஹுஸைனிய பேக்கள். இவர்கள் வரி வசூலித்த முறையைத் தெரிந்துகொண்டால் பிற்காலம் பாதி புரிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை மஹல்லா என்ற படை முகாம் துனிஸை விட்டுக் கிளம்பும். கோடையில் கோதுமை அறுவடை முடியும் நேரம் பார்த்து வடமேற்கே பெஜாவுக்கு. குளிர்காலத்தில் பேரீச்சை இறங்கும் நேரம் பார்த்துத் தெற்கே ஜெரித் சோலைகளுக்கு. தலைமை தாங்குபவர் பெரும்பாலும் அடுத்த பட்டத்துக்குரியவர். பட்டத்து இளவரசருக்கே "முகாம் பே" என்றுதான் பெயர். உள்நாட்டு விவசாயி தன் அரசைக் கண்ணால் கண்டது வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான், அதுவும் வரி கேட்கும்போது.

1846-இல் அடிமை முறை ஒழிப்பு, 1861-இல் அரபு உலகின் முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு என்று துனிசியாவுக்குப் பெருமைகள் உண்டு, நியாயமான பெருமைகள்தான். ஆனால் 1861-இன் முடிவை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. மஜ்பா என்ற தலைவரியை 1856-இல் கொண்டுவந்தபோது துனிஸ் உள்ளிட்ட ஐந்து நகரங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கடன் முற்றியதும் அந்த வரியை 36 பியாஸ்தரிலிருந்து 72 ஆக்கினார்கள். 1864-இல் அலி பின் கதாஹிம் தலைமையில் உள்நாட்டுக் குலங்கள் கிளர்ந்தன, சாஹில் எனும் கிழக்குக் கரைப்பகுதியும் சேர்ந்துகொண்டது. கிளர்ச்சியை நசுக்கியபோது அரசியலமைப்பும் கிடப்பில் போனது. 1869-இல் திவால், கடன் கொடுத்த ஐரோப்பியர்களின் நிதி ஆணையம். 1881 மே 12 பார்தோ உடன்படிக்கையோடு பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் மஹல்லாவுக்குப் பதில் தண்டவாளம் போட்டார்கள். 1885-இல் காஃப்ஸா பக்கம் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது, 1899-இல் மெத்லாவி சுரங்கத்திலிருந்து ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்கு ரயில் ஓடியது. அந்தப் பாதை எந்த ஊரையும் இன்னொரு ஊரோடு சேர்ப்பதற்காகப் போட்டதில்லை.

1956 மார்ச் 20 விடுதலை, 1957 ஜூலை 25 குடியரசு. பூர்கிபாவைக் குறைத்துப் பேச மாட்டேன். 1956 ஆகஸ்ட் 13-லேயே குடும்பச் சட்டம் போட்டுப் பலதார மணத்தைத் தடை செய்தார், தலாக்கை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தார், பள்ளிக்கூடத்துக்குக் காசை அள்ளிக் கொட்டினார். ஆனால் மனிதர் மொனாஸ்திர்காரர். அவருடைய பிரதமர்கள் ஹெதி நுய்ரா, முகமது ம்ஸாலி இருவரும் அதே ஊர். 1987 நவம்பர் 7 அன்று இனி ஆள உடல்நிலை இல்லை என்று மருத்துவர்களிடம் சான்றிதழ் வாங்கி பூர்கிபாவை இறக்கிவிட்டு அதிபரான பென் அலி, ஸூஸ் நகரை ஒட்டிய ஹம்மாம் ஸூஸ்காரர். ஐம்பத்து மூன்று வருடத்துக்கு மேல் அதிபர் நாற்காலி சாஹிலை விட்டு நகரவில்லை. ஆலைகளும் சுற்றுலா விடுதிகளும் எந்தப் பக்கம் முளைத்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1984 ரொட்டிக் கலவரத்தை உன்னிப்பாகப் பாருங்கள். சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) மானியத்தைக் குறைக்கச் சொன்னதும் ஒரு ரொட்டி 80 மில்லிமிலிருந்து 170 மில்லிம் ஆனது, ஜனவரி 1 முதல் அமல். (ஒரு தினாருக்கு 1,000 மில்லிம்.) முதல் கல் துனிஸில் விழவில்லை. டிசம்பர் 29-ஆம் தேதியே பாலைவன விளிம்பில் தூஸ், கெபிலி ஊர்களில் விழுந்தது. ரவை வாங்கி வீட்டிலேயே ரொட்டியும் கூஸ்கூஸும் செய்கிற ஊர்கள், ரவை விலையும் கூடவே ஏறியிருந்தது. தலைநகருக்குப் பரவியதும் ஜனவரி 6 அன்று பூர்கிபா தொலைக்காட்சியில் தோன்றிப் பழைய விலையே இருக்கும் என்றார். அன்றிலிருந்து எந்த ஆட்சிக்கும் ரொட்டி விலையைத் தொடக் கை நடுங்குகிறது. 2022-இல் ஐஎம்எஃப்போடு பேசிவைத்த 190 கோடி டாலர் கடனை அடுத்த ஆண்டு அதிபர் கைஸ் சயீத் உதறியபோதும் இந்த 1984-ஐத்தான் சுட்டிக்காட்டினார்.

2008 ஜனவரி. காஃப்ஸா பாஸ்பேட் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு முடிவு வந்ததும் சுரங்க ஊரான ரெதேயெஃப் கொதித்தது. சிபாரிசு உள்ளவனுக்கு வேலை, சுரங்கத்தில் செத்தவன் மகனுக்கு இல்லை என்பது குற்றச்சாட்டு. ஆறு மாதம் நீடித்தது. கடற்கரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து சிடி பூஸித், அடுத்து கஸ்ஸெரின், அடுத்து துனிஸ். 2011 ஜனவரி 14 அன்று பென் அலி சவூதிக்கு விமானம் ஏறினார். 2008-க்கும் 2011-க்கும் உள்ள பெரிய வித்தியாசம், இரண்டாவது முறை தீ கடற்கரை வரை வந்தது.

புதிய ஆட்சிகள் காஃப்ஸாவுக்கு என்ன செய்தன? 2010-இல் சுமார் 80 லட்சம் டன் வந்த பாஸ்பேட் பிறகு பாதிக்கும் கீழே போனது. வேலை கேட்டு இளைஞர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த "சுற்றுச்சூழல் நிறுவனம்" என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கானோரைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார்கள், செய்ய வேலை கொடுக்காமல். அதைப் பார்த்து அடுத்த கூட்டம் தண்டவாளத்துக்கு வந்தது. வராமல் என்ன செய்யும்?

2014 அரசியலமைப்பு உள்ளபடியே நல்ல ஆவணம். ஆனால் அதை உடைத்த ஓட்டை அதற்குள்ளேயே இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 12 உறுப்பினர்கள்; நாடாளுமன்றம், அதிபர், நீதித்துறை உயர்மன்றம் ஆளுக்கு நான்கு. ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் பங்குக்கு 217-இல் 145 வாக்கு வேண்டும். கட்சிகள் தங்கள் ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததில், பல சுற்று வாக்கெடுப்புக்குப் பின்னும் தேறியவர் ஒரே ஒருவர். நீதிமன்றம் கடைசிவரை அமையவே இல்லை. இனி 80-வது பிரிவைப் பாருங்கள். நாட்டுக்கு உடனடி ஆபத்து என்றால் அதிபர் விசேட நடவடிக்கை எடுக்கலாம், 30 நாள் கழித்து அது தொடரலாமா என்று தீர்ப்பது அந்த நீதிமன்றம். இல்லாத நீதிமன்றம்! 2021 ஜூலை 25 அன்று, அரசியலமைப்புச் சட்டம் பாடம் நடத்திய சயீத் அந்தப் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். 30 நாள் முடிந்தும் "போதும்" என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. சில மாதம் முன்பு வாக்கு வரம்பைக் குறைத்து நீதிமன்றத்தை அமைக்கச் சட்டம் நிறைவேறியபோது, கெடு தாண்டிவிட்டது என்று கையெழுத்துப் போட மறுத்தவரும் அவரே.

மக்கள் ஏன் கொதிக்கவில்லை என்று வெளியிலிருந்து கேட்டார்கள். அந்த இரவு தெருவில் கொண்டாட்டம் நடந்தது. அதே அரசியலமைப்பின் 136-வது பிரிவு, இயற்கை வளத்தின் வருவாயில் ஒரு பகுதியை வட்டார வளர்ச்சிக்கு ஒதுக்க"லாம்" என்றது. அந்த "லாம்"-ஐ நம்பி காஃப்ஸா எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கும்? உள்ளாட்சித் தேர்தலே 2018 மே 6-இல்தான் நடந்தது, உள்ளாட்சிச் சட்டம் அதற்குப் பத்து நாள் முன்புதான் நிறைவேறியது. அந்த மன்றங்களையும் 2023-இல் சயீத் கலைத்துவிட்டார்.

இப்போதைய ஏற்பாடு 2022 ஜூலை 25 வாக்கெடுப்பில் வந்தது, வாக்களித்தவர்கள் சுமார் 30 சதவீதம். பிரதமரை அதிபர் நியமிக்கிறார், அதிபரை நீக்க வழியில்லை. கீழவையில் 161 இடம். மேலவையின் கணக்கு சுவாரசியமானது. மாநிலங்கள் 24, ஒவ்வொன்றிலிருந்தும் மூவர், ஐந்து மண்டலங்களிலிருந்து ஒவ்வொருவர், மொத்தம் 77. அந்த ஐந்து மண்டலங்களையும் குறுக்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கடற்கரை கிடைக்கும்படி கோடு போட்டார்கள். கஸ்ஸெரினும் ஸூஸும் ஒரே மண்டலம், காஃப்ஸாவும் ஸ்ஃபாக்ஸும் ஒரே மண்டலம். வரைபடத்தில் பார்த்தால் நோய் புரிந்தவர் போட்ட கோடு என்றுதான் தோன்றும். ஆனால் மாநில ஆளுநரான வாலியை நியமிப்பது இன்றும் அதிபர்தான். 2022 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 11 சதவீதம். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில், "பொய்ச் செய்தி"க்கு 54-ஆம் எண் ஆணையின் கீழ் ஐந்தாண்டு வரை தண்டனை. குறுக்குக் கோட்டைக் கேள்வி கேட்கவே ஆள் இல்லாதபோது அது வெறும் கோடு.

தண்ணீர்க் கதையும் இதேதான். மெஜெர்தா நீரைத் தேக்குவது சிடி சலெம் அணை, மழை அதிகமுள்ள வடமேற்கில். அங்கிருந்து வாய்க்கால் வழியாக கேப் போன் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் கிழக்குக் கரை நகரங்களுக்கும் போகிறது. அதே வடமேற்கில், அணைகள் நிறைந்த ஜெந்தூபா மாநிலத்தில் மலைக் கிராமங்களுக்குக் குழாய் எட்டவில்லை. 2023 வசந்தத்தில் வறட்சி முற்றி இரவு 9 முதல் காலை 4 வரை குழாயை மூடியபோதுதான் துனிஸ்காரர்களுக்கு அந்த ருசி தெரிந்தது.

நமக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. பாஸ்பேட் பாறையில் கந்தக அமிலம் ஊற்றினால் பாஸ்பாரிக் அமிலம், அதிலிருந்து டிஏபி உரம். ஸ்ஃபாக்ஸுக்குத் தெற்கே ஸ்கீராவில் 2013-இல் உற்பத்தி தொடங்கிய டிஃபெர்ட் ஆலை இந்தியாவுக்கு அமிலம் அனுப்பவென்றே எழுந்தது. எண்ணூரில் உர ஆலை வைத்திருக்கும் முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் அதில் 15 சதவீதப் பங்கோடு இறங்கியது.

அமிலத்தோடு கூடவே வருவது ஜிப்சக் கழிவு, ஒரு டன் அமிலச் சத்துக்கு ஏறத்தாழ ஐந்து டன். இன்னும் தெற்கே கபெஸில், அரசு ரசாயன ஆலை ஐம்பது வருடமாக அந்தக் கழிவைக் கடலில் விடுகிறது. கடலை ஒட்டிப் பேரீச்சைச் சோலை உள்ள அபூர்வமான ஊர் அது. கழிவு விடும் அலகுகளை அகற்றுவோம் என்று 2017 ஜூனில் அரசு முடிவெடுத்தது. 2025 அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக, ஊர் மொத்தமும் கடையடைத்துத் தெருவுக்கு வந்தது. அவர்கள் கேட்டது புதிதாக எதையும் இல்லை, 2017-இல் எழுதிக் கொடுத்ததைத்தான்.