நீர்க்கடுப்பை மட்டும்தான் சொன்னேன்

52 வயதில், ஒரே ஆண்டுக்குள் 4 முறை நீர்க்கடுப்பு வந்து, 4 முறையும் ஆன்டிபயாடிக் மாத்திரையோடு வீடு திரும்பினேன். உடம்புச் சூடுதான் காரணம் என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். பார்லிக் கஞ்சி, சப்ஜா விதை, இளநீர் என எதையும் விடவில்லை. உறவின்போது ஏற்பட்ட எரிச்சலையும், அதற்குப் பயந்து கணவரிடமிருந்து தள்ளிப் படுத்ததையும் மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, மருத்துவர்களும் கேட்கவில்லை. நீர்க்கடுப்பு கௌரவமான நோய். காத்திருக்கும் இடத்தில் நாலு பேர் காதில் விழும்படிகூடச் சொல்லிவிடலாம்.

ஐந்தாம் முறை பார்த்த பெண் மருத்துவர், கல்ச்சர் ரிப்போர்ட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா? சேரும்போது வலிக்குதா?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

மாதவிடாய் நின்றபின் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து வறள்வதோடு, அங்கே அமிலத்தன்மையைக் காத்துவந்த லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல கிருமிகளும் குறைய, குடலிலிருந்து வரும் ஈ.கோலை என்னும் கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாயான தாரையும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் அதே ஈஸ்ட்ரோஜனை நம்பியிருப்பவைதான். பெண்களுக்கு அந்தத் தாரையின் நீளமே சுமார் 4 செ.மீ. என்பதால் கிருமி ஏறுவதற்கு அதிக தூரமில்லை. ஆகவே வறட்சி, உறவில் வலி, அடக்க முடியாத அவசரம், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியவை இந்த வயதில் பலருக்கு ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. 2014-இல்தான் இவற்றை ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தார்கள்; அதற்கு முன் பரவலாக வழங்கிய பெயர்களில் சிறுநீருக்கு இடமே இல்லை.

ஆனால் மருந்து புதிதல்ல. இப்படி அடிக்கடி தொற்று வந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பிறப்புறுப்பினுள் இடும் எஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீமைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறையும், மருந்தில்லாத க்ரீமை இட்டவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மற்றவர்களும் பரிசோதித்துக்கொண்ட பிறகே பயன்படுத்த வேண்டும். அந்த எச்சரிக்கையைச் சொல்வதற்காவது யாராவது பேச்சை எடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். வாய் திறக்காத என்மேலும் பாதிக் குற்றம் உண்டு என்பதை மறுக்கவில்லை.

அன்று க்ரீம் வாங்கப் போனேன். 4 முறையும் மாத்திரை அட்டையை அப்படியே நீட்டிய மருந்துக்கடைப் பையன், இந்த ட்யூபை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான்.