ரேட்ட ஏத்துறதுக்கு முன்னாடி ஒழுகுற கணக்க காட்டுங்க

பழைய பைப்ப மாத்த காசு வேணும், அதனால வீட்டு தண்ணி கட்டணத்த ஏத்தப் போறோம்னு குடிநீர் நிர்வாகம் சொல்லுது. மாத்தணும்ங்கறதுல எனக்கு மறுப்பே இல்ல, சப்ளை நின்னு பிரஷர் இல்லாத நேரத்துல வெளிய தேங்குற சாக்கடை அந்த ஓட்ட வழியா உள்ள போயிடும், அப்புறம் அதத்தான் புள்ளைங்க குடிக்கணும். ஆனா சுத்திகரிச்சு அனுப்புறதுல மீட்டருக்கு வந்து சேர்றது எவ்வளவு, வழியிலயே ஒழுகிப் போறது எவ்வளவுன்னு மொதல்ல வெளிய சொல்லுங்க.

ஏத்துற விதமும் முக்கியம்ங்க. மாசாமாசம் கட்டுற நிலையான தொகைய மட்டும் ஏத்துனா சிக்கனமா இருக்கிற வயசானவங்களுக்குத்தான் அடி, எவ்ளோ மிச்சம் புடிச்சாலும் பில் கொறையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50லேருந்து 100 லிட்டர் அடிப்படைத் தேவைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 2010லயே ஐநா பொதுச்சபை குடிநீர மனித உரிமைன்னு ஏத்துக்கிச்சு. அந்த லிட்டர் அளவு வரைக்கும் பழைய ரேட்டே இருக்கட்டும், தோட்டத்துக்கும் கார் கழுவவும் ஓடுறதுக்கு கூடுதலா போடுங்க. ஒரே மீட்டர்ல எட்டு பேர் இருக்கிற வீடும் இருக்கு, தலைக்கணக்கு பாக்காம அவங்கள மேல் ஸ்லாப்ல தள்ளிடாதீங்க.