வேர்ட்பிரஸ்.காமிலிருந்து வெளியேற முடியுமா?

வலைப்பதிவுத் தளத்தை நமக்காக நடத்தித் தரும் வேர்ட்பிரஸ்.காம் போன்ற சேவையில் தளம் தொடங்கினால் எழுதியதெல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும், பின்னால் சொந்த ஹோஸ்டிங்குக்கு (நாமே வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) மாற முடியாது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. இலவசக் கணக்கிலிருந்தும் பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள், வகைகள், குறிச்சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். டாஷ்போர்டில் (தளத்தின் நிர்வாகப் பக்கம்) 'கருவிகள்' பகுதிக்குப் போய் 'ஏற்றுமதி' கொடுங்கள். இறங்கும் ஜிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நோட்பேடிலேயே திறக்கலாம். குறியீடுகளுக்கு நடுவே உங்கள் தலைப்பும் பத்தியும் அப்படியே தெரியும். சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவிய வேர்ட்பிரஸ் மென்பொருளில் 'இறக்குமதி' வழியாக இதே கோப்பை ஏற்றினால் போதும்.

படங்கள்தான் பலரைக் குழப்புகின்றன. அந்தக் கோப்பில் படம் இருக்காது, அதன் இணைய முகவரி மட்டுமே இருக்கும். அதனால் ஏற்றும்போது இணைப்புக் கோப்புகளையும் பதிவிறக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். அது முடியும்வரை பழைய தளத்தை அழிக்கவோ தனிப்பட்டதாக்கவோ வேண்டாம். பலர் அவசரப்பட்டு அழித்துவிட்டு, படம் வரவில்லை என்கிறார்கள்.

தீம் (தளத்தின் தோற்றம்) அமைப்புகள் இந்தக் கோப்பில் வராது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். வேர்ட்பிரஸ்.காம் என்று முடியும் இலவச முகவரியும் கூட வராது. சொந்த டொமைன் (தனி இணைய முகவரி) வாங்கியிருந்தால் அதைப் புது ஹோஸ்டிங்குக்குத் திருப்பிக்கொள்ளலாம்.