அஞ்சு நிமிஷ வேலையாம்!

"பல்ப் மாத்துறதுதானே சார், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லித்தான் பைக்குக்கு எல்இடி இண்டிகேட்டரை நம் தலையில் கட்டுகிறார்கள். மாட்டி, சுவிட்சைத் தள்ளினால் கூத்து ஆரம்பம். ஒன்று, மின்னாமல் அப்படியே எரியும். இல்லையென்றால் பேய் பிடித்த மாதிரி படபடக்கும்.

விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கிற பழைய பிளாஷர் ரிலே, 10 வாட் பல்ப் இரண்டு இழுக்கிற கரண்டுக்காகச் செய்தது. ஒன்றிரண்டு வாட் எல்இடி அதற்கு எப்படிப் போதும்? நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி. கடைக்காரரோ, "ஸ்டைலா இருக்கு, விடுங்க சார்" என்கிறார்.

அப்புறம், பழைய பல்ப்தான் இருக்கிறது என்று ரிலேயை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர். மிச்சம் பிடித்த கரண்டையெல்லாம் சூடாக்கி வீணடிக்க ஒரு சாமான், அதற்குத் தனிக் காசு வேறு! தொட்டால் கை சுடுகிறது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ரிலே போட்டாலே போதும் என்று முதலிலேயே சொன்னால் வாயா வலிக்கும்?

சரி, அதையும் மாத்தியாச்சு. இப்போது இடது பக்கம் போட்டால் நாலும் மின்னுகிறது. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே விளக்கு. அது எதிர்ப்பக்க பல்ப் வழியாகத்தான் எர்த் ஆகிறது. அந்தத் துளி கரண்டுக்குக் குண்டு பல்ப் அசையாது, எல்இடி ஜம்மென்று எரியும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டையோடு இரண்டு வைத்து, மீட்டர் விளக்குக்குத் தனி எர்த் கொடுத்தால் தீர்ந்தது. சில்லறைக் காசு சமாசாரம். அது தெரிந்த எலக்ட்ரீசியன்தான் அகப்படுவதில்லை. அதுவரை பின்னால் வருகிற ஆட்டோக்காரர் வாயில் நான்தான் அவல்.