பசையைப் பற்றி ஒரே வரிதானா?

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி நுரையில் தொடங்கி, கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் வரை உங்கள் கட்டுரை நன்றாகப் போகிறது. ஆனால் அவை கூட்டமாக ஒட்டி நிற்பதை 'ஒருவிதப் பசை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பசையில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், அப்புறம் செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. எல்லாம் உண்டு. டி.என்.ஏ. சும்மா கிடக்கவில்லை. அதை வெட்டும் நொதியைச் சேர்த்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இப்படி ஒட்டி உருவாக்கும் இளம் படலம் கரைந்துபோவதை 2002-லேயே காட்டிவிட்டார்கள்.

சங்கிலிகளில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளும். கால்சியமும் மெக்னீசியமும் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் கைகோத்து இழுத்துப் பிடிக்கின்றன. சோடியத்துக்கு ஒரு கைதான்.

சர்ஜாபூர் ரோடு பக்கம் அபார்ட்மெண்ட் எஸ்டிபிகளை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை, பார்த்துக்கொள்கிறவன் நான். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்க சாஃப்ட்னர் வைக்கிறார்கள், சரி. அதைக் கழுவிய உப்புத் தண்ணீரை நேராக எஸ்டிபியில் விட்டால் சோடியம் ஏறி, கால்சியம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எஸ்டிபி தொட்டியிலிருந்து கசடை, அதாவது அந்தப் பாக்டீரியாக் கூட்டத்தை, ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். துகள்கள் பொடிந்து மிதக்கும், மேல்தண்ணீர் தெளியாது. ஆபரேட்டர் பதறிப்போய் தொட்டிக்குள் காற்று ஊதும் ப்ளோயரைக் கூட்டுவார், மிச்சமிருக்கும் கட்டியும் உடையும்!

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இதே எதிர்மின் இடங்கள்தான் பிடித்துவைக்கின்றன. அடுத்த பகுதியில் அதையும் எழுதுங்கள்.