வாலை வெட்டிய படம்

எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு வாரம் முன்பு இங்கே போட்ட என்ஜிசி 1265 கேலக்ஸியை ரேடியோ அலைகளில் எடுத்த படம். அதன் பின்னால் மங்கலாக நீளும் வாலை வெட்டிவிட்டு, தலையை மட்டும் பெரிதாக்கி, "கருந்துளை கக்கும் நெருப்பு" என்று சுற்றவிட்டிருக்கிறார்கள். அது நெருப்பே இல்லை. ஏறக்குறைய ஒளி வேகத்தில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது வரும் ரேடியோ அலை.

சரி, எங்கே எடுத்தது என்று சொல்லாததுகூடப் போகட்டும். வாலை ஏன் வெட்டினீர்கள்? வால்தானே விஷயமே!

பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கொத்துக்குள் அந்த கேலக்ஸி நொடிக்கு 2000 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாய்கிறது. கொத்து முழுக்கக் கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் வாயு. கன மீட்டருக்குச் சில ஆயிரம் துகள்தான் இருக்கும், ஆனால் அந்த வேகத்துக்கு அதுவே எதிர்காற்று. கருந்துளை அருகிலிருந்து இரண்டு பக்கமும் பீறிடும் ஜெட்களை, அதாவது அந்த எலக்ட்ரான் தாரைகளை, அப்படியே பின்னால் மடக்கிவிடுகிறது. அதுதான் வால். வாலை வெட்டினால் காற்றையும் சேர்த்து வெட்டியதாகத்தான் அர்த்தம்.

மாணவனாக இருந்தபோது, தரவில் மங்கலாக இழுத்துக்கொண்டு போன ஒரு கோட்டைக் கருவிப் பிழை என்று நினைத்து, மூன்று நாள் அதை அழிக்கப் போராடினேன். சீனியர் அக்கா ஒருவர் அதே இடத்தின் எக்ஸ்-கதிர் படத்தை மேலே பொருத்திக் காட்டினார். கொத்தின் வாயு அடர்ந்த நடுப்பகுதிக்கு நேர் எதிர்ப்பக்கம் கோடு நீண்டிருந்தது. "பிழை இல்லடா, அந்த கேலக்ஸி வந்த வழி" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"மக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?" என்பீர்கள். எளிமை வேறு, பாதியை மறைப்பது வேறு. "சிக்னஸ் ஏ என்ற ரேடியோ கேலக்ஸியின் ஜெட்கள் வளையாமல் நேராகத்தானே இருக்கின்றன?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அது தன் கொத்தின் நடுவிலேயே இருக்கிறது, ஜெட்டும் மிக வலியது. அங்கேயும் சுற்றியுள்ள வாயுவைத் தள்ளிக் குழி பறித்திருப்பதைச் சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி காட்டியிருக்கிறது. நான் பொறாமையில் பேசுகிறேன் என்று சொன்னவருக்கு என்ன சொல்ல? வலிக்கிறது, அவ்வளவுதான்.

பெர்சியஸின் நடுவிலுள்ள என்ஜிசி 1275 என்ற இன்னொரு கேலக்ஸி தன் ஜெட்களால் ஊதும் குமிழிகள்தான் அங்குள்ள வாயுவைக் குளிர விடாமல் சூடாக்குகின்றன. குளிர்ந்தால் அது நட்சத்திரங்களாகக் குவிந்திருக்கும். கேலக்ஸியை வாயு வளைக்கிறது, வாயுவைக் கேலக்ஸி காய்ச்சுகிறது. இதில் எதைத் தனியாக வெட்டி எடுப்பீர்கள்?

முழுப் படத்தை மறுபடி கீழே போட்டிருக்கிறேன். வாலின் கடைசி மங்கல் வரை விரலால் நகர்த்திப் பாருங்கள். அங்கே இருப்பவைதான் ரொம்ப முன்பே கிளம்பிய எலக்ட்ரான்கள்.