வைடு கோடு மட்டும் தீர்ப்பு சொல்வதில்லை

கிரிக்கெட்டில் ஆஃப் பக்கக் கோட்டை (பேட்டர் பேட் பிடித்து நிற்கும் பக்கத்துக் கோடு) தாண்டிய பந்துக்கு வைடு (பேட்டருக்கு எட்டாத பந்து என்ற தீர்ப்பு) தரவில்லை, அதனால் அம்பயர் தவறிழைத்துவிட்டார் என்பது சரியல்ல. அந்தக் கோடு ஒருநாள், டி20 ஆட்டங்களில் அம்பயருக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். வழக்கமான ஷாட்டில் பந்து பேட்டருக்கு எட்டுமா என்பதுதான் விதி 22 கேட்கும் கேள்வி. அவரே ஆஃப் பக்கம் நகர்ந்து பந்தை எட்டும் தூரத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் வைடு கிடையாது. 2022-இல் வந்த திருத்தப்படி, பவுலர் ஓடத் தொடங்கியதிலிருந்து பேட்டர் நின்ற எந்த இடமும் கணக்கில் வரும்.

ரீப்ளே பார்க்கும்போது பலரும் ஏமாறுவது, கீப்பர் எங்கே பிடித்தார் என்பதில். பேட்டரைக் கடக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பந்து எவ்வளவு விலகினாலும் பொருட்டல்ல. பேட்டில் உரசியிருந்தால் வைடு என்ற பேச்சுக்கே இடமில்லை.